பூசைக்குத் துடைத்த சைக்கிள்

என் மருமகன் பெங்களூரில் வாங்கி, நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து சாத்திய சைக்கிள் அது. கைப்பிடி கிடாக்கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைந்திருக்கும். டயர் என் பெருவிரல் அகலம்கூட வராது. பின்னால் கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மணி கிடையாது. இதில் ஒரு மூட்டை ராகியாவது ஏற்ற முடியுமா என்று கேட்டேன். மருமகன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மில்லின் மூலையில் மாவு படிந்து அது வெள்ளையாகிக் கிடந்தது.

பென்னாகரத்துக்குச் சற்று முன்னால் ரோட்டோரமாக எனக்கு ஒரு மாவு மில். வீடு அதன் பின்பக்கம். ராகி, அரிசி, மிளகாய் எல்லாம் அரைப்போம். நான் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வேன், வீட்டுக்காரி எடை போட்டு வாங்கி வைப்பாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெங்களூர் போனாள். மகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. மூன்று மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. யாரையும் குறை சொல்ல இடமில்லை. குழந்தையை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது?

பகலில் ஒன்றும் தெரியாது. எந்திரம் ஓடுகிற சத்தத்தில் பொழுது போய்விடும். விடியற்காலைதான் பெரிய பாடு. எழுந்து குளித்து விபூதி இட்டு, முருகனுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்தால் அடுத்து என்ன என்று தெரியாது. இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். அப்படி ஒரு காலையில்தான் அந்தச் சைக்கிளைத் துடைத்தேன். காற்றடிக்கிற பம்பு அந்த வால்வுக்குச் சேரவில்லை. தர்மபுரி போய் வேறு பம்பு வாங்கி வந்து காற்றடித்து, ரோட்டில் இறக்கி ஏறி உட்கார்ந்தேன். பழைய சைக்கிளை மிதிப்பது போல் ஒரு மிதி மிதித்தேன், அது பாட்டுக்குக் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. சத்தமே இல்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

அதன் பிறகு தினமும் ஓட்டினேன். படித்தது எட்டாவதுதான். ஆனால் எந்திரத்தோடு இருந்த ஆள், கைவைத்துப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். மீதியைப் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், ஓட்டுகிறவர்களுக்கு உதவும். கிளம்புவதற்கு முன் டயரை இரண்டு பக்கமும் கிள்ளிப் பார்க்க வேண்டும். இந்த மெல்லிய டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் குழியில் விழுந்தால் உள்ளே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். செயினுக்கு எண்ணெய் விட்டால் கண்ணிக்கு ஒரு சொட்டு, உள்பக்கம் படுகிற மாதிரி விட்டு, பெடலைச் சுற்றிவிட்டு, வெளியே நிற்கிற எண்ணெயை முழுக்கத் துணியால் வழித்துவிட வேண்டும். எண்ணெய் அதிகம் நின்றால் புழுதி ஒட்டும். புழுதி ஒட்டினால் செயின் அரம் மாதிரி பல்சக்கரத்தின் பல்லைத் தின்னும். மேடு வரும்போது, மேட்டில் ஏறிய பிறகு கியரை மாற்றக் கூடாது. கால் இலகுவாக இருக்கும்போதே முன்கூட்டி மாற்றிவிட வேண்டும். தாகம் எடுக்கும் முன்னாலேயே தண்ணீர் குடிக்க வேண்டும். மிதிக்கு ஒரு தரம் முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் கால் சீராகச் சுற்றும். இது எந்த வீடியோவிலும் இல்லை, என் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து ஏழெட்டுப் பேர் இதே மாதிரி சைக்கிளில் எங்கள் பக்கம் வருவார்கள். ஒரு நாள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், செல்போன் கடை வைத்திருக்கிறவர், பக்கத்தில் வந்து சொன்னார்.

"அண்ணா, என் பின்சக்கரத்துக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாங்க. காத்து தெரியாது."

அது நிஜம். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக்கொண்டு போவார், பின்னால் போகிறவருக்குப் பாதி பாரம் குறையும். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒதுங்க, நான் முன்னால் போக வேண்டும். மாற்றி மாற்றிப் போனால் யாருக்கும் களைப்பில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மற்ற ஆறு நாளும் இந்தக் காற்றை நான் ஒருவனே வெட்டுகிறேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றாமலே இருந்திருக்கலாம்.

அவர்கள்தான் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஆயுத பூசை கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. தர்மபுரியில் கிளம்பி, பென்னாகரம் வந்து, மலைச்சரிவில் ஒகேனக்கல்லுக்கு இறங்கி, அங்கே திரும்பி, மறுபடி மலை ஏறி பென்னாகரத்தில் முடிவு. ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. கீழே திரும்புகிற இடத்துக்குக் குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவர்களைப் பின்னால் வருகிற வேனில் ஏற்றிக்கொள்வார்கள். பேர் கொடுத்தேன்.

போனில் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"பந்தயமா? இந்த வயசுலயா? விழுந்து கால ஒடச்சிக்கிட்டா யாருங்க பாக்கறது?"

"விழ மாட்டேன். நீ வந்து பாரு."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ உருட்டிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு அன்னிக்கு சாயங்காலம் டூட்டியாம். காலைல வந்துட்டு மதியம் பன்னெண்டு மணிக்கெல்லாம் கெளம்பிடணும். அப்டீன்னா வர்றோம்."

எனக்கு அது போதும். பரிசு எதுவும் எனக்குக் குறியில்லை. இந்த இரண்டு வருடமாக நான் எப்படி இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை. போனில் சாப்பிட்டீங்களா என்பாள், சாப்பிட்டேன் என்பேன், அதோடு முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்குள் அவள் கண்முன்னால் அந்த மலையை ஏறி வந்துவிட்டால், சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும் என்று இருந்தது.

ஆயுத பூசைக்கு அவள் வர முடியவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். மில்லில் பூசை வேலை எல்லாம் எப்போதும் அவள் கைதான். நான் சாம்பிராணி போடுவதோடு சரி. இந்த வருடம் போனை மாவு மூட்டை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்லச் செய்தேன்.

"மொதல்ல எல்லாத்தையும் ஈரத்துணில தொடச்சிடுங்க. அப்புறம் தேங்காண்ணெ தொட்டு ஒரு தரம் தொடைங்க, இரும்பு பளபளன்னு இருக்கணும். அதுக்கு மேலதான் சந்தனம், குங்குமம்."

"எல்லாத்துக்கும் எண்ணெயா?"

"இரும்புன்னா எண்ணெதாங்க. இத்தினி வருசம் மில்லு ஓட்டுனவரு கேக்கற கேள்வியா இது?"

மில் உருளை, எடைக்கல், ஸ்பேனர், அரிவாள், கடப்பாரை எல்லாவற்றையும் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கடைசியாகச் சைக்கிள். மற்ற நாளில் துடைப்பதைவிட அன்றைக்குப் பக்தியாகத் துடைத்தேன். சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி ஒரு டிஸ்க் இருக்கும், அதைப் பிடித்துத்தான் பிரேக் நிறுத்துகிறது. அந்தத் தட்டு மங்கியிருந்தது. எண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டேன். போன் திரையில் அவளும் கும்பிட்டாள். பூசை போட்ட வண்டியை உடனே எடுக்க மனம் வரவில்லை. ஞாயிறு வரை அப்படியே வைத்திருந்தேன். அன்று விடியற்காலை மருமகன் வாங்கித் தந்த சைக்கிள் ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டேன். செல்போன் கடைக்காரர் தன் காரில் வந்து, என்னையும் சைக்கிளையும் தர்மபுரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

பந்தயம் கிளம்பிய முதல் பாதி நன்றாகவே போனது. கூட்டத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டேன், காற்றே தெரியவில்லை. எங்கள் மில்லைத் தாண்டும்போது ராகி கொண்டுவந்து மூடிய கதவைப் பார்த்து நின்ற ஒரு அம்மா கையை ஆட்டியது. லேசாகப் பிரேக் தொட்டபோதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. சந்தனம் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

பென்னாகரம் கடைவீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பிடி கையில் கெட்டியாக நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. நல்லவேளையாக மாடு தானாக ஒதுங்கியது. காலைத் தரையில் தேய்த்து நிறுத்தும்போது கூட்டம் எல்லாம் கடந்து போய்விட்டது. டிஸ்க்கைத் தொட்டேன். விரலில் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. அப்போதுதான் புரிந்தது. மில்லில் எல்லாம் ஓடுவதற்கு இருக்கிற இரும்பு, அதற்கு எண்ணெய் வேண்டும். இது நிறுத்துவதற்கு இருக்கிற இரும்பு. சட்டையால் துடைத்தேன், மண்ணைப் போட்டுத் தேய்த்தேன், பயனில்லை. எண்ணெய் பிரேக் கட்டைக்குள் ஊறிவிட்டிருந்தது. பிறகு விசாரித்ததில், டிஸ்க்கை ஸ்பிரிட்டால் கழுவி, கட்டையைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்க வேண்டும், அப்படியும் பிடிக்காவிட்டால் கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். ரோட்டில் நிற்கிறவனிடம் ஸ்பிரிட்டும் இல்லை, உப்புத்தாளும் இல்லை.

மலை இறங்குகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பஸ், லாரிக்காரர்கள் நிறுத்தி விபூதி எடுத்துக்கொண்டு போவார்கள். அதன் முன்னால் நின்றேன். பெங்களூரிலிருந்து அவர்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். திரும்பிப் போய்க் கடைவீதியில் நின்றால் ஆபத்தில்லை. ஆனால் அவள் வந்து பார்க்கும்போது நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். ஓட்டிக்கொண்டு இறங்கினால் முதல் வளைவிலேயே தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். சாமியைக் கும்பிட்டுவிட்டு யோசித்தேன். இறங்கத்தான் பிரேக் வேண்டும். ஏறுவதற்கு வேண்டாமே. கீழே வரை தள்ளிக்கொண்டு போய்விட்டால், அங்கிருந்து நான் ஏறி வரலாம்.

இறங்கி நடக்க ஆரம்பித்தேன். அந்த ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ள ஒரு கட்டை இருக்கும். நடந்தால் டக்கு டக்கென்று சத்தம் வரும், சறுக்கும். கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டேன். ஆடி மாதம் கோயிலுக்கு வெறுங்காலில் நடக்கிற கால்தான். ஆனாலும் தார்ரோடு சுட்டது. இரண்டு பக்கமும் காடு. தடுப்புச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஒகேனக்கல் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"என்ன பெரியவரே, சைக்கிளுக்கு நட பழக்கறீங்களா?"

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் போன பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் முதலில் போனவர்கள் திரும்பி ஏறி வர ஆரம்பித்தார்கள். தலை குனிந்து, வாய் திறந்து, வேர்வை கொட்டக் கொட்டப் போனார்கள். ஒருவர் இருவர் என்னைப் பார்த்து என்ன ஆச்சு என்று கையால் கேட்டார்கள். நிற்க முடியாது அவர்களுக்கு, நின்றால் திரும்ப ஏறி மிதிப்பது கஷ்டம். செல்போன் கடைக்காரர் மட்டும், "அண்ணா, மேல போய் ஆள் அனுப்பறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டுக்கொண்டே இறங்கினேன். எல்லாரும் ஏறுகிறார்கள், நான் ஒருவன் இறங்குகிறேன். போனை எடுத்துப் பார்த்தேன், காட்டுக்குள் சிக்னல் இல்லை.

பின்னால் வந்த வேன் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த பையன் எட்டிப் பார்த்தான்.

"ஏறிக்குங்க அண்ணா. டைம் முடியப் போவுது."

"பிரேக் புடிக்கல தம்பி. கீழ வரைக்கும் நடந்துர்றேன்."

"நடந்தாப் பந்தயத்துல சேக்க மாட்டாங்கண்ணா."

"சேக்க வேணாம்ப்பா. நீ போ."

அவன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனான்.

கீழே போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்தவர் எழுந்து வந்து, என் முதுகில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றிக்கொண்டார். மரியாதையாகத்தான் கழற்றினார், ஊக்கு சட்டையைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டார். ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இனிமேல் ஏறிப் போகலாமா என்று கேட்டேன். போட்டி முடிந்துவிட்டது, போனால் அது உங்கள் பாடு என்றார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

பழத்தைத் தின்று, ஷூவை மாட்டி, கியரை அங்கேயே இலகுவாக மாற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நீண்ட மேட்டில் செய்கிற தப்பு என்னவென்றால், கால் பலமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. முதல் வளைவில் பேச்சு வருகிற அளவு மூச்சு இருக்க வேண்டும். உடம்பை ஆட்டக் கூடாது, கைப்பிடியை இறுக்கக் கூடாது. வளைவில் உள்ஓரம் செங்குத்தாக இருக்கும், வெளிஓரமாகச் சுற்றினால் தூரம் கூடினாலும் கால் தாங்கும், எதிரில் வண்டி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு மணி என்று ஒன்று இருந்தது. முருகா முருகா என்று சொல்கிற வேகம் என்னை அறியாமல் கூடிப்போனது. பாதி மலையில் தொடை பிடித்துக்கொண்டது. காற்று எதிரில் அடித்தது. வெட்டிக் கொடுக்க யாரும் இல்லை. அவள் போயிருப்பாள் என்று நினைத்தேன். போயிருந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும், வீடு அந்தப் பக்கம்தானே.

ஒரு கார் எதிரில் இறங்கி வந்தது. என்னைக் கடந்து, கொஞ்ச தூரம் போய் நிற்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை, திரும்பினால் விழுந்துவிடுவேன். பிறகு அது திரும்பி வந்து பக்கத்தில் மெதுவாக நகர்ந்தது. முன்சீட்டில் அவள். மடியில் குழந்தை.

"என்னாங்க ஆச்சு? பந்தயம் முடியற எடத்துல அந்தச் செல்போன் கடக்காரரு, அண்ணா நடந்து போறாருன்னு சொன்னாரு. எனக்கு உசுரே இல்ல."

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏறுங்க கார்ல. போதும்."

தலையை ஆட்டினேன். மகள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். மருமகன், "விடுங்க அத்தை, வரட்டும்" என்றார். காரை எனக்குப் பின்னால் எடுத்து, விளக்கைச் சிமிட்டவிட்டுக்கொண்டு என் வேகத்திலேயே வந்தார். மற்ற வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அவ்வளவு மெதுவாகத்தான் போனேன். என் முதுகு, வேர்த்த சட்டை, நடுங்குகிற கால் எல்லாம் அவளுக்கு முன்னால்தான் இருந்தது. ஒளிக்க எதுவும் இல்லை. குழந்தை மட்டும், தாத்தா தாத்தா என்று கத்திக்கொண்டே வந்தது.

மேலே அந்தக் கோயிலடியில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். இரண்டு வருடத்தில் அவள் கையில் குழந்தைப் பவுடர் வாசம் வந்துவிட்டிருந்தது. நான் டிஸ்க்கைக் காட்டினேன். மருமகன் தொட்டு மோந்து பார்த்தார்.

"மாமா, டிஸ்க்குக்குத் தேங்காண்ணெயா போட்டீங்க?"

மகளும் அவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இரும்புன்னா எண்ணெ தொடைங்கன்னு நாந்தான சொன்னேன்."

"நீ மில்லுக்குச் சொன்ன. நாந்தான் இதையும் சேத்துத் தொடச்சேன்."

"நா அங்க இருந்திருந்தா ஒங்கள எதையும் தொட வுட்டிருக்க மாட்டேன்."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"தெனமும் இப்பிடித்தான் ஒருத்தரா போறீங்களா?"

"ஆமா."

மருமகன் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தாண்டிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பென்னாகரம் வரை காருக்கு முன்னால் தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் வந்தேன். பந்தயம் முடிகிற இடத்து அலங்கார வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர்கள் பாப்பாரப்பட்டி, பாலக்கோடு வழியாக ஓசூர் போக வேண்டும், எனக்கு நேர்ரோடு. பிரியும் இடத்தில் அவள் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாள், எலுமிச்சைச் சாதம். குழந்தை என்னிடம் வர மாட்டேன் என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கார் திரும்பி மறைந்தது.

வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் போன் அடித்தது.

"மிதிக்காதீங்க, தள்ளிக்கிட்டே போங்க. கேக்குதா?"

"தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க போன வெக்காதீங்க."

சட்டையின் முதுகுப் பையில் போனை அப்படியே போட்டுக்கொண்டேன். அவள் எதுவும் பேசவில்லை. கார் ஓடுகிற சத்தம், குழந்தை சிணுங்குவது, மகள் அதட்டுவது எல்லாம் என் முதுகில் கேட்டுக்கொண்டே வந்தது. இந்தப் பக்கம் என் சக்கரம் சுற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். மில்லை நெருங்கிப் பார்த்தபோது லைன் துண்டித்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை. வாசலில் காலையில் கையை ஆட்டிய அந்த அம்மா ராகிப் பையோடு உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்து எந்திரத்தைப் போட்டேன்.